நீதிபதியின் நாற்காலியும் நம்மவரின் எதிர்பார்ப்பும்

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் நீதிபதியாக நியமனம் பெற்றார் என்னும் செய்தி வந்தால் மஹல்லா முழுவதும் மகிழ்ச்சி பொங்குகிறது. பாராட்டுக் கூட்டம் கூட்டப்படுகிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது, இனி நம் சமுதாயத்திற்குக் குறையில்லை என்று மேடையில் முழங்குகிறார்கள். நம்மில் ஒருவர் கல்வியால் உயர்ந்து, மக்களுக்கிடையே நீதி வழங்கும் பொறுப்பைப் பெறுவது மகிழத்தக்க செய்திதான். ஆனால் அந்த மகிழ்ச்சியின் மறைவில் ஓர் எதிர்பார்ப்பும் குந்தியிருக்கிறது. மனைத் தகராறு உடையவர், மகனுக்கு வேலை தேடுபவர், பள்ளிவாசல் சொத்துக்காக வழக்காடுபவர் ஆகிய எல்லோரும், 'நம் ஆள் அங்கே இருக்கிறார்' என்று மனத்திற்குள் கணக்குப் போடத் தொடங்கிவிடுகின்றனர். ஆண்டுகள் சில கழிந்த பின்னர் அதே மக்கள், 'அவர் நீதிபதியாக இருந்து நமக்கு என்ன செய்தார்?' என்று குறைபட்டுக்கொள்கின்றனர்.

நீதிபதி ஒருவர் தம் சமுதாயத்திற்குப் பட்டிருக்கும் கடன் யாது? இந்த வினாவுக்கு மார்க்கம் தரும் விடை என்ன என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

பதவியா, பாரமா?

நீதி வழங்கும் பொறுப்பை நம் மார்க்கம் ஒரு பரிசாகக் காட்டவில்லை. பெரும் பாரமாகவே காட்டுகிறது. நீதிபதியாக ஆக்கப்பட்டவர் கத்தியின்றி அறுக்கப்பட்டவரைப் போன்றவர் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை அபூதாவூது, திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம். காஜிகள் மூவகையினர் என்றும், உண்மையை அறிந்து அதன்படி தீர்ப்பளிப்பவர் மட்டுமே சுவனத்திற்குரியவர் என்றும், உண்மையை அறிந்தும் அநீதி இழைப்பவரும், அறியாமலே தீர்ப்பளிப்பவரும் நரகிற்குரியவர்கள் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் பகுத்துரைத்துள்ளார்கள்.

இந்த எச்சரிக்கையை உள்ளத்தில் வாங்கிய காரணத்தால்தான் இமாமுல் அஃளம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள், கலீபா மன்ஸூர் வற்புறுத்தியும் காஜிப் பதவியை ஏற்க மறுத்தார்கள். அதற்காகச் சிறைத் துன்பத்தையும் தாங்கினார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஹிஜ்ரி 150-இல் பக்தாதில் அவர்கள் மறைந்தார்கள். ஆனால் அவர்களுடைய தலைமாணவர் இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களோ அதே பதவியை ஏற்று, ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாகவும் விளங்கினார்கள். ஆசிரியர் மறுத்ததை மாணவர் ஏற்றாரே, இருவரில் யார் செய்தது சரி என்று கேட்கலாம். இருவர் செய்ததும் சரியே. ஒருவர் பாரத்தின் கனத்தை உலகுக்கு உணர்த்தினார்; மற்றவர் அதைச் சுமக்கும் முறையைக் காட்டினார். தகுதியுள்ளோர் எல்லோரும் ஒதுங்கிக்கொண்டால் தகுதியற்றோர் அங்கே அமர்வர். எனவேதான் நீதி வழங்குவோர் சமுதாயத்தில் இருப்பதை பர்ளு கிபாயா என்று புகஹாக்கள் வகுத்தனர். முயன்று தீர்ப்பளிக்கும் தகுதியுடையவர் சரியாகத் தீர்ப்பளித்தால் இரண்டு கூலி, தவறிவிட்டாலும் ஒரு கூலி என்னும் நபிமொழி, இத்தகையோரின் அச்சத்தைப் போக்கவே வந்தது.

இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களைப் பற்றி ஹனபி மத்ஹபின் நூல்களில் ஒரு செய்தி உண்டு. மரணத் தறுவாயில் அவர்கள் அழுதார்களாம். வழக்காளிகளில் எவர் பக்கமும் என் மனம் சாய்ந்ததில்லை. ஒரு கிறிஸ்தவருக்கும் கலீபாவுக்கும் இடையே வந்த வழக்கில் மட்டும் இருவரையும் என் உள்ளத்தில் சமமாக வைக்கவில்லையே என்று வருந்தினார்களாம். அவ்வழக்கில் தீர்ப்புச் சென்றதோ கலீபாவுக்கு எதிராக! தீர்ப்பு நேர்மையாக இருந்தும், மனத்தின் சாய்வை எண்ணி அந்த மாமேதை கலங்கினார்கள். அப்படியிருக்க, மனத்தோடு தீர்ப்பையும் நம் பக்கம் சாய்க்க வேண்டும் என்று ஒரு நீதிபதியிடம் எதிர்பார்ப்பது எத்துணைக் கொடுமை!

திருமறை காட்டும் வழக்கு

'சமுதாயம் நெருக்கடியில் இருக்கும்போது நம்மவர் நம்மவரைக் காப்பாற்றக் கூடாதா?' என்று சிலர் கேட்பர். இதற்கு அருள்மறையிலேயே விடை இருக்கிறது. சூரத்துன் நிஸாவின் 105-ஆம் ஆயத்து முதல் 113-ஆம் ஆயத்து வரை இறங்கிய பின்னணியை முஃபஸ்ஸிரீன்கள் விரித்துரைக்கின்றனர்.

மதீனாவில் அன்ஸாரிகளின் ஒரு கிளையைச் சேர்ந்த ஒருவர் மற்றொருவரின் வீட்டில் திருடினார். பழி தம்மேல் வரும் என்று கண்டதும் களவுபோன கவசத்தை ஒரு யூதரிடம் ஒப்படைத்து, குற்றத்தை அவர் தலையில் சுமத்தினார் என்று பல அறிவிப்புகளில் வந்துள்ளது. திருடியவரின் கூட்டத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம்மவருக்காக வாதாடினர். அக்கால நிலையை எண்ணிப் பாருங்கள்! முஸ்லிம்கள் சிறு தொகையினர். சுற்றிலும் பகை. அன்ஸாரிகளோ பெருமானாருக்குப் புகலிடம் தந்த பெருமக்கள். 'நம்மவரின் மானம் போகக் கூடாது' என்று சொல்வதற்கு அதைவிடத் தக்க காரணம் எந்தச் சமுதாயத்திற்கு வாய்த்தது?

எனினும் வானத்திலிருந்து இறங்கிய வஹீ எதைச் சொன்னது? மோசடிக்காரர்களுக்காக வாதாடுபவராக நீர் ஆகிவிட வேண்டாம் என்றது. தான் செய்த பாவத்தைக் குற்றமற்றவர்மீது வீசுபவன் அவதூறையும் வெளிப்படையான பாவத்தையும் சுமந்துகொண்டான் என்று கண்டித்தது. குற்றம் சுமத்தப்பட்ட யூதர் குற்றமற்றவர் ஆனார். தன் கூட்டத்தைச் சேராத ஒரு தனி மனிதரின் நிரபராதித்தனத்தை நிலைநாட்ட இறங்கிய ஆயத்துகள், இறுதி நாள் வரையில் நம் தொழுகையிலும் ஓதப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

அதே சூராவின் 135-ஆம் ஆயத்து, நமக்கோ, பெற்றோருக்கோ, நெருங்கிய உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதியின் மீது நிலைத்து நிற்குமாறு பணிக்கிறது. சூரத்துல் மாயிதாவின் 8-ஆம் ஆயத்து, ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நம்மை அநீதிக்குத் தூண்டிவிடலாகாது என்கிறது. உறவும் தடையாகக் கூடாது. பகையும் தடையாகக் கூடாது. இந்த இரண்டு வேலிகளுக்கு நடுவேதான் நீதிபதியின் நாற்காலி போடப்பட்டுள்ளது.

அநியாயம் செய்பவனாயினும் அநியாயம் செய்யப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்னும் கருத்துடைய நபிமொழியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அநியாயக்காரனுக்கு உதவுவது எப்படி என்று ஸஹாபாக்கள் வினவியபோது, அவனை அநியாயத்திலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கியதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நீதிபதி தன் சகோதரனுக்கு எதிராக நேர்மையாகத் தீர்ப்பளிக்கும்போது அந்த உதவியைத்தான் செய்கிறார்.

நாற்காலியில் அமர்ந்து செய்த சேவை

அப்படியானால் நீதிபதியால் சமுதாயத்திற்கு நன்மையே இல்லையா? உண்டு. நம் நாட்டு வரலாற்றிலேயே அதற்குச் சான்றுகள் உண்டு.

1897-இல் பாலகங்காதர திலகர்மீது ஆங்கில அரசு இராஜத் துரோக வழக்குத் தொடர்ந்தது. ஜாமீன் மறுக்கப்பட்டிருந்த அவருக்குப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் வழங்கியவர் நீதிபதி பத்ருத்தீன் தையப்ஜி அவர்கள். திலகர் அவருடைய சமயத்தவர் அல்லர். அரசோ அவருக்குப் பதவி தந்த அரசு. இரண்டையும் பாராமல் சட்டத்தைப் பார்த்தார். அதே தையப்ஜி அவர்கள்தாம் 1874-இல் பம்பாயில் அஞ்சுமனே இஸ்லாம் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர். அதன் கல்விக்கூடங்களில் முஸ்லிம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்திருக்கின்றனர். சமுதாயத்திற்குக் கல்விக்கூடம் தந்தார். தீர்ப்பை எந்தச் சமுதாயத்திற்கும் தரவில்லை, நீதிக்கே தந்தார்.

அலாஹாபாத் உயர் நீதிமன்றத்தில் 1887 முதல் 1893 வரை நீதிபதியாக இருந்த செய்யித் மஹ்மூது அவர்கள், சர் செய்யித் அஹ்மது கானின் மைந்தர். சிறையில் கிடக்கும் ஏழைக் கைதி வக்கீல் வைக்க வழியின்றி மேல்முறையீடு செய்தால், அவனுடைய காகிதங்களைப் படித்துப் பார்த்துவிட்டு முடித்துவிடுவது அவனை விசாரித்ததாக ஆகாது என்று, உடன் அமர்ந்த நீதிபதிகளுக்கு மாறாகத் தனித்து நின்று எழுதினார்கள். ஒரு தரப்பைக் கேட்டதோடு தீர்ப்பளிக்காதீர் என்று ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்த பாடத்தின் வாசம் அத்தீர்ப்பில் வீசவில்லையா?

கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 1890 முதல் 1904 வரை நீதிபதியாகத் திகழ்ந்த செய்யித் அமீர் அலீ அவர்களின் சேவை வேறு வகை. சந்ததியாருக்கு நன்மை தரும் வகையில் செய்யப்படும் வக்ஃபு செல்லுமா என்னும் வினா நீதிமன்றங்களில் எழுந்தபோது, ஷரீஅத்து நூல்களை ஆதாரமாகக் கொண்டு, அது செல்லும் என்று அவர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1894-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தகைய வக்ஃபு செல்லாது என்று முடிவு கட்டியது. ஆனால் அமீர் அலீ அவர்கள் எடுத்துவைத்த ஆதாரங்கள் வீண்போகவில்லை. 1913-இல் வந்த வக்ஃபுச் சட்டம் அவர் சொன்ன பக்கமே நின்றது. 1909-இல் அதே பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியராகவும் அவர் ஆனார். இங்கே அவர் சமுதாயத்திற்குச் சலுகை கேட்கவில்லை. சமுதாயத்தின் சட்டம் என்னவென்று அறியாதவர்களுக்கு அதை அறிந்து சொன்னார். சலுகை வேறு, அறிவு வேறு. சலுகை காட்டும் நீதிபதியால் ஒருவன் ஒரு நாள் பயனடைவான். அறிவுள்ள நீதிபதியால் தலைமுறைகள் பயனடையும்.

நம் தமிழகத்திலே

தொலைதூரம் போவானேன்? 1950-களில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்த ஜஸ்டிஸ் பஷீர் அஹ்மது சயீத் அவர்களை எண்ணிப் பார்ப்போம். நம் பெண்மக்கள் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலம் அது. கல்வி தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர், வீட்டுப் பெண்களை எழுத்தறியாமலே வைத்திருந்தனர். அந்நிலையில் 1955-இல் சென்னைத் தேனாம்பேட்டையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி அவருடைய முயற்சியால் தோன்றியது. இன்று அக்கல்லூரி அவர் பெயராலேயே வழங்குகிறது. முஸ்லிம் பெண்களை எண்ணித் தொடங்கப்பட்டாலும் எல்லாச் சமயத்துப் பெண்களும் அங்கே பயில்கின்றனர். 1984-இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய தீர்ப்புகளைச் சட்டம் பயில்வோர் மட்டுமே புரட்டுவர். ஆனால் அந்தக் கல்லூரியில் படித்து வெளிவந்த பெண்ணின் மகளும் பேத்தியும் அந்தச் சேவையின் பலனை இன்றும் அனுபவிக்கின்றனர். மனிதன் மறைந்தபின்னும் தொடரும் ஸதக்கத்துன் ஜாரியா என்பது இதுவன்றோ!

நாகூரில் 1921-இல் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயீல் அவர்களின் பணி மற்றொரு திசையில் சென்றது. அவசரநிலைக் காலத்தில், 1976-இல், சென்னை மத்தியச் சிறையில் அடைபட்டிருந்தோர் தாக்கப்பட்டதைப் பற்றி விசாரித்த ஆணையம் அவர் பெயராலேயே அறியப்பட்டது. 1979-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். 1981-இல் தம்மைக் கேரளத்திற்கு மாற்றிய ஆணையை ஏற்க மனமின்றிப் பதவியையே துறந்தார். நாற்காலி பெரிதென்று எண்ணுபவர் அதை அத்தனை எளிதாக விட்டு எழுவதில்லை. கம்பராமாயணத்தில் ஆழ்ந்த புலமை பெற்று, சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகத் தமிழ்ப் பணியும் ஆற்றினார். 2005-இல் மறைந்தார். 'இதில் நம் சமுதாயத்திற்கு என்ன சேவை?' என்று கேட்பாருண்டு. முஸ்லிம் என்றால் யார் என்று அறியாத ஆயிரமாயிரம் தமிழன்பர்கள், அவரைப் பார்த்து, முஸ்லிம் என்றால் நேர்மையானவர், கற்றவர், கண்ணியமானவர் என்று எண்ணினார்களே, அது சேவையாகாதா?

எல்லை எது?

இனி ஒரு நுட்பமான வினா. நீதிபதி பொதுப்பணியில் ஈடுபட்டால் மக்களோடு பழக வேண்டும். நன்கொடை தருவோரைச் சந்திக்க வேண்டும். விழாக்களுக்குச் செல்ல வேண்டும். இன்று நன்கொடை தருபவர் நாளை வழக்காளியாக வந்து நின்றால்? அச்சமுள்ள நீதிபதி, 'எதற்கு வம்பு' என்று கதவைச் சாத்திக்கொள்வதே மேலல்லவா?

நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஹிதாயாவில் காஜியின் ஒழுக்கங்கள் பற்றிய பாடத்தில் இதற்கு அழகான வரம்பு கட்டப்பட்டுள்ளது. காஜி ஜனாஸாவில் கலந்துகொள்ளலாம். நோயாளியை நலம் விசாரிக்கலாம். பொது விருந்துக்குச் செல்லலாம். ஆனால் தனக்கென்றே வைக்கப்படும் தனி விருந்துக்குச் செல்லலாகாது. பொது விருந்து எது, தனி விருந்து எது? காஜி வரமாட்டார் என்று தெரிந்தால் எந்த விருந்து நடைபெறாதோ, அதுவே தனி விருந்து. நெருங்கிய உறவினரும், பதவிக்கு முன்பிருந்தே அன்பளிப்புக் கொடுத்து வாங்கும் வழக்கமுடையவரும் தவிர வேறெவரின் அன்பளிப்பையும் ஏற்கலாகாது. அவர்களுக்கும் வழக்கு இருக்குமாயின் கூடாது. வழக்காளிகளில் ஒருவரை மட்டும் அழைத்து உபசரிக்கக் கூடாது.

இதன் மூலம் நபிவழியில் இருக்கிறது. ஜகாத்து வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துவைத்தபோது, அவர் தம் தந்தை அல்லது தாயின் வீட்டில் அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று வினவினார்கள். இந்த ஒரு கேள்வியே போதும். எனக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, இந்த நன்கொடை, இந்த அழைப்பு ஆகியவை எனக்கா, என் நாற்காலிக்கா என்று நீதிபதி தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுப்பணிக்கும் இதே அளவுகோல்தான். அவர் பெயர் இல்லாவிட்டாலும் நிற்கக்கூடிய பணியா, கணக்கு வழக்குகள் எல்லோரும் காணத் திறந்திருக்கிறதா, வழக்காளியின் பணம் நுழையாமல் வாசல் காக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இவை இருந்தால் அவர் மக்களோடு கலந்து வாழ்வதே சிறப்பு. இல்லையேல் விலகியிருப்பதே அவருடைய மார்க்கத்திற்குப் பாதுகாப்பு.

நாமும் நீதிபதிகளே!

அன்பர்களே! இதுவரை உயர் நீதிமன்றத்தைப் பற்றிப் பேசினோம். ஜுமுஆத் தொழுகைக்குப் பின் நம் பள்ளிவாசலில் கூடும் பஞ்சாயத்தைப் பற்றி என்ன சொல்வது? கணவன் மனைவி பிணக்கு, மஹர், குலா, பாகப்பிரிவினை என்று எத்தனை பிராதுகள் நம் முத்தவல்லியிடமும் நாட்டாண்மையிடமும், நம்மைப் போன்ற ஆலிம்களிடமும் வருகின்றன! 'காஜிகள் மூவர்' என்னும் நபிமொழி கருப்பு அங்கி அணிந்தவர்களுக்கு மட்டுமா சொல்லப்பட்டது? இருவருக்கிடையே தீர்ப்புச் சொல்ல வாய் திறக்கும் ஒவ்வொருவருக்கும் அது சொல்லப்பட்டது.

சகோதரியின் பாகத்தை எண்ணிப் பாருங்கள். சூரத்துன் நிஸாவின் 11-ஆம் ஆயத்தில் அல்லாஹ்வே நிர்ணயித்த பங்கு அது. ஆனால் நடப்பதென்ன? கலியாணத்திற்குப் போட்ட நகையைக் கணக்குக் காட்டி, அண்ணன் தம்பிகளோடு உறவு முறிந்துபோகும் என்று அச்சுறுத்தி, அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கிவிடுகின்றனர். பஞ்சாயத்துப் பெரியவர்கள் சாட்சியாகக் கையொப்பமிடுகின்றனர். முழு மனத்தோடு அவள் விட்டுக்கொடுத்தால் அது அவள் உரிமை. விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டால் அது பறிப்பு. இந்த வேற்றுமையை அறிந்தும் சாட்சி போடுபவர் மூவரில் எந்தக் காஜி என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

வாதத்திறமையால் வென்றவரும் மகிழ்ந்துவிட வேண்டாம். ஒருவர் தம் சொல்வன்மையால் சகோதரனின் உரிமையைத் தமக்குத் தீர்ப்பாகப் பெற்றுக்கொண்டால், அவர் பெறுவது நெருப்பின் ஒரு துண்டே என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பெருமானாரின் தீர்ப்பைப் பெற்றவருக்கே இந்த நிலை என்றால், நம் பஞ்சாயத்தின் தீர்ப்பு எதை ஹலாலாக்கிவிடும்?

இன்னொன்றும் கூறியாக வேண்டும். ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை, எவர்மீதும் அதை வற்புறுத்தித் திணிக்க முடியாது என்று 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நம்மில் பலர் பதறினர். ஆனால் முஃப்தி மார்க்கச் சட்டத்தை எடுத்துரைப்பவர், காஜி தீர்ப்பைக் கட்டாயமாக்குபவர் என்று நம் ஃபிக்ஹு நூல்களே பிரித்து வைத்துள்ளன. இருவர் மனமொப்பி ஒருவரை நடுவராக ஆக்கிக்கொள்வது தஹ்கீம். தீர்ப்புச் சொல்லும் முன்னர் அவ்விருவரில் எவரும் விலகிக்கொள்ளலாம் என்பது ஹனபிச் சட்டம். அப்படியிருக்க, பஞ்சாயத்துக்கு வர மறுத்தவரை ஊர்விலக்கம் செய்வதும், மையித்துக்குச் சந்தூக் தர மறுப்பதும் எந்த நூலில் உள்ளது? நீதியை நம்பி மக்கள் தாமே நம்மிடம் வர வேண்டும். அச்சத்தால் வருவது நீதிமன்றமாகாது.

எனவே நம்மவர் ஒருவர் நீதிபதியானால் நாம் அவருக்குச் செய்ய வேண்டிய கைம்மாறு ஒன்றே: அவரிடம் சிபாரிசுக்குப் போகாதிருப்பது. உயர்குடிப் பெண்ணொருத்தி திருடியபோது, அவளுக்காக உஸாமா (ரலி) அவர்கள் பரிந்து பேச வந்ததைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எவ்வளவு சினந்து கண்டித்தார்கள் என்பதை நாம் மிம்பர்களில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சிபாரிசின் இடத்தில் நம்மை நிறுத்திப் பார்ப்பதில்லை. 'அவர் நமக்கு என்ன செய்தார்?' என்ற கேள்வியை விட்டு, 'எதிரே நின்ற எளியவனுக்கு நீதி செய்தாரா?' என்று கேட்கப் பழகுவோம். அதற்கு ஆம் என்று விடை வருமானால், அவர் நம் சமுதாயத்திற்குச் செய்ய வேண்டிய சேவையைச் செய்துவிட்டார்.

வல்ல ரஹ்மான், நீதி வழங்குவோர் அனைவருக்கும் நேர்மையான உள்ளத்தையும், நம் ஜமாஅத்துகளுக்குத் தம்மவருக்கெதிராகவும் உண்மை பேசும் துணிவையும் தந்தருள்வானாக! நீதியுடன் நடந்தோர் அர்ஷின் நிழல் பெறும் அந்நாளில் நம்மையும் அவர்களுடன் சேர்த்தருள்வானாக! ஆமீன்.